அளவுச்சட்டை

அத்தியாயம் 17

போன வாரம் தையல்கடை மாஸ்டரைக் கடையின் பின்னறைக் கட்டிலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தபடி விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவர் அங்கேதான் இருக்கிறார். வலி தீரவில்லை. வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் மார்தட்டிப் பேசிவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு மறுநாள் காலையில் வருகிற வலி அது. மருந்துக்கு அடங்காது.

அவர் என்ன பேசினார் என்பதை மறந்தவர்களுக்காகவும், இப்போதுதான் கதைக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்காகவும் இரண்டு வார்த்தை.

இந்த ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. அந்தப் பக்கத்து மனிதர்களை இந்தப் பக்கத்துத் தையல்காரர்கள் தொட்டு அளவெடுப்பதில்லை. அந்தப் பக்கத்தார் தங்கள் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அதைப் பார்த்துப் புதுசு தைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பழைய சட்டைக்கு அளவுச்சட்டை என்று பெயர். நாளடைவில் சட்டையின் பெயர் மனிதர்களுக்கே ஒட்டிக்கொண்டது. 'அவங்க அளவுச்சட்டை' என்று தணிந்த குரலில் சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சண்டை போட்டால் முதலில் வாயில் வருகிற வசவும் அதுதான்.

இப்போது தலைநகரில் சட்டம் போட்டுவிட்டார்கள். எந்தக் கடையும் யாரையும் ஒதுக்கி வைக்கக் கூடாது. சட்டம் ரயிலேறி வந்து சேர்ந்துவிட்டது; ஸ்டேஷனை விட்டு ஊருக்குள் வரத்தான் அதற்கு வழி தெரியவில்லை. அதனால் அந்தப் பக்கத்தார் தாங்களே கடை கடையாகப் போய் நின்றார்கள். முடிதிருத்தும் கடையில் நின்றார்கள். காபிக் கடையில் நின்றார்கள். அடுத்தது தையல்கடை என்று ஊரெல்லாம் பேச்சு.

"என் கடை டேப் அவங்க மேல படாது" என்று மாஸ்டர் சங்கத்தில் சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. காலையில் வயிறு.

ஆக, கடையின் முன்பக்கத்தில் இன்று இரண்டு பேர்தான். ஒருத்தி மாஸ்டரின் மனைவி. ஊருக்கு அவள் கடைக்காரம்மா. பெண்களுக்கு அளவெடுப்பது அவள் வேலை என்று சொல்லிக்கொள்வார்கள். நிஜத்தில் ஆண்களின் துணியையும் வெட்டுகிறவள் அவள்தான். மாஸ்டர் பெரும்பாலும் பெயர்ப்பலகைக்கு மாஸ்டர்.

மற்றவள் அவர்களுடைய ஒரே மகள். படித்தவள். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் வாசிக்கிறவள். புதுச் சட்டம் நியாயம் என்று அப்பாவிடமே வாதாடி, ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தவள். தன்னைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெருமை என்ன பாடுபடப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

இஸ்திரிப்பெட்டியில் கரி கனிந்து வருகிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். மூன்று பேர். ஒரு நர்ஸம்மா, ட்ராம் ஓட்டுகிற பெரியவர் ஒருவர், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற ஒருவர். அச்சுக்காரர் முன்னால் வந்தார். விரல் நுனிகளில் மை. தோளில் பஞ்சு வைத்த பழைய கோட்டு. கையில் மடித்த வெள்ளைத் துணி.

எதிர்ச்சாரியில் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

"வணக்கம்மா. சட்டை தைக்கணும்" என்றார் அச்சுக்காரர், துணியை மேஜையில் வைத்து.

கடைக்காரம்மா அவரைப் பார்த்தாள். உடனே துணியைப் பார்த்தாள். "அளவுச்சட்டை கொண்டாந்தீங்களா?"

"இல்லீங்க. ஆளே வந்திருக்கேன்."

நர்ஸம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மகளுக்கும் சிரிப்பு வந்தது. அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்தாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் இத்தனை நாள் செய்தித்தாள் படித்திருக்கிறாள்.

டேப்பின் மறுமுனையை அம்மா பிடித்து இழுத்தாள்.

"வை அதை."

"அம்மா, சட்டமே வந்தாச்சு."

"வைடி."

வாசலில் நின்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே போல, கடைக்காரம்மா குரலை உயர்த்தினாள். "இங்க பாருங்க. உங்க ஆளுங்களுக்கு எங்க கடையில டேப் கிடையாது. அளவுச்சட்டை இருந்தா வெச்சுட்டுப் போங்க. இல்லையா, துணியை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க."

மகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. பாக்கி வைத்துவிட்டு ஏய்க்கிறவர்களிடம்கூட 'வாங்க, போங்க' என்று பணிவாகப் பேசுகிறவள், 'நடையைக் கட்டுங்க' என்கிறாள்.

அச்சுக்காரர் கோபப்படவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"அளவுச்சட்டை ஒரு தடவை குடுத்தாச்சும்மா" என்றார். "திரும்பி வரல."

கடைக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"துணி இங்கேயே இருக்கட்டும். நாளைக்குக் காலைல சட்டத்தை விசாரிக்க அதிகாரி வர்றாரு. அவர் வர்றப்போ நானும் வர்றேன். அப்பவும் அளவுதான் கேப்பேன்."

சொல்லிவிட்டு மூவரும் இறங்கிப் போனார்கள். எதிர்ச்சாரியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கத் தலைவரின் ஜவுளிக்கடையிலிருந்து சோடா பாட்டில்கள் வந்தன, கடைக்காரம்மாவின் வீரத்தைப் பாராட்டி.

சோடா சத்தம் கேட்டதும் மாஸ்டருக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. பின்னறையிலிருந்து வந்தார், ஒரு பாட்டிலை உடைத்தார், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே குடித்தார்.

"நல்லாத்தான் சமாளிச்சிருக்க" என்றார். "நான் சங்கத்துக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். கணவன் மனைவி இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் தவிர்ப்பதை மகள் கவனித்தாள். அப்பாவின் கோழைத்தனத்துக்கு அம்மா கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மதியம் தெரு அடங்கியது. கடைக்காரம்மா எழுந்து வந்து, அந்த வெள்ளைத் துணியைப் பிரித்து மேஜையில் விரித்தாள். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். சாக்கட்டியை எடுத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"தைக்கிறேன்."

"அளவு?"

"கண்ணளவு போதும்."

டேப் மகளின் கழுத்திலேயே கிடந்தது. அம்மா கோடு போட்டுக்கொண்டே போனாள். மார்பு, நீளம், கை. எங்கேயும் நிற்கவில்லை, அழிக்கவில்லை. கத்தரியை எடுத்துக் கைப்பகுதியை வெட்டியும் ஆகிவிட்டது. மகளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவின் கைத்திறமை தெரிந்ததுதான் என்றாலும், பஞ்சு வைத்த கோட்டோடு சற்று நேரம் நின்றுவிட்டுப் போன ஒருவருக்குத் துணி வெட்டுவது வெறும் திறமையால் ஆகிற காரியமில்லை.

தோளுக்கு வந்தபோது அம்மா இடது பக்கத்தை வலதைவிட ஒரு விரல் தாழ்வாக வரைந்தாள்.

"அம்மா, கோணலாகுது."

"இடது தோளு இறங்கித்தான் இருக்கும். விழுந்தான்ல, அதுக்கப்புறம் அது நேராகவே இல்ல."

மகள் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குக் காலையிலிருந்து உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்த ஆத்திரம் வெளியே வர ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது.

"விழுந்தானா? நல்ல பெரிய மனுஷர். தலை நரைச்சாச்சு. 'விழுந்தார்'னு சொன்னா நாக்கு தேஞ்சிடுமா? அந்தப் பக்கத்து ஆளுன்னா 'அவன்' 'இவன்'தானா? காலைல பேசினது போதாதா?"

நம் மொழியில் ஒரு 'ர்' போய் 'ன்' வந்தால் இரண்டில் ஒன்று. ஆளை இளக்காரமாக நினைக்கிறோம், அல்லது அந்த ஆள் நமக்கு அவ்வளவு நெருக்கம். மகளுக்கு முதலாவதுதான் தோன்றியது.

கடைக்காரம்மா சாக்கட்டியைக் கீழே வைத்தாள். கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"என்னைவிடச் சின்னவன்டி" என்றாள். "நான் இடுப்புல தூக்கி வளர்த்தவன்."

மகளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், எழுந்து போய்க் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தியது. ஐயோ, அம்மா பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது. கதவில் கை வைத்து நின்றபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது மடல்கள் சுட்டன. நியாயம் பேசிப் பட்டினி கிடந்தவள், நியாயம் வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்துகிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா கட்டிக்கிட்டாரு? வாய்க்கால் பாலத்துக்குக் கீழ உக்காந்து நான் துணிக்குப் பொத்தான் கட்டிக்கிட்டிருந்தேன். அவர்தான் பேசிக் கூட்டிட்டு வந்தாரு. அநாதைன்னு ஊர்ல சொல்லிக்கலாம்னாரு. பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான்னாரு. நானும் சரின்னேன். சரின்னுதான்டி சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிச்சுச் சொல்ல வைக்கல."

"தோளு?"

"பாலத்துக் கைப்பிடிச் சுவர்ல ஏறி விழுந்துட்டான். தூக்கிட்டு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெளியிலேயே உக்கார வெச்சுட்டாங்க. எங்க ஆளுங்களைப் பாக்கற டாக்டர் வர்றதுக்குள்ள எலும்பு அதும்போக்குல கூடிடுச்சு. அதுக்கப்புறம் அவன் சட்டையெல்லாம் நான்தான் தைச்சேன். இடது தோளை இறக்கி வெச்சா வெளியில தெரியாது."

'எங்க ஆளுங்க' என்று அவள் சொன்னது இருவர் காதிலும் விழுந்தது. இருவருமே அதைக் கடந்து போனார்கள்.

மகளுக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தியோடு சண்டை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, 'அவளை நல்லாக் கேட்டேம்மா, போடி அளவுச்சட்டைன்னு' என்று சொல்லிச் சிரித்தாள். அம்மா அதட்டவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று பரிமாறினாள். இப்போது அந்தத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"காலைல அவர்... ஒரு தடவை சட்டை குடுத்தாச்சுன்னாரே, அது என்னம்மா?"

கடைக்காரம்மா மெஷினின் சக்கரத்தைச் சும்மா சுற்றினாள். நூல் அறுந்தது. மறுபடி கோத்தாள்.

"நீ அப்போ நடக்கப் பழகற குழந்தை. ஒரு நாள் கடை நிறைய ஆளு. திடீர்னு இவன் வாசல்ல வந்து நிக்கிறான். என்னையே பாக்கறான். அக்கான்னு கூப்பிட்டுடுவானோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, 'என்னப்பா, அளவுச்சட்டை வெச்சுட்டுப் போ, அடுத்த வாரம் வா'ன்னேன். யாரோ எவரோன்னு சொல்ற மாதிரி."

"அவர் என்ன செஞ்சாரு?"

"போட்டிருந்த சட்டையைக் கழட்டி மேஜையில வெச்சான். வெறும் உடம்போட நடந்து போனான். கடையில எல்லாரும் சிரிச்சாங்க." அவள் மகளைப் பார்க்கவில்லை. "நானும் சிரிச்சேன்."

மகள் மேஜையில் சிதறிக் கிடந்த வெட்டுத் துணிகளை விரலால் ஒதுக்கினாள்.

"எங்கம்மா செத்துட்டாங்கன்னு சொல்லத்தான் வந்திருக்கான். அது எனக்குப் பல நாள் கழிச்சு, காய் விக்கிறவ யாருக்கோ சொல்லி, என் காதுல விழுந்தது."

"அந்தச் சட்டை எங்க?"

"வீட்டுல இருந்தா யாராவது கேப்பாங்கன்னு கந்தலாக் கிழிச்சு மெஷின் துடைச்சேன்."

இதைச் சொன்ன பிறகு அவளால் மகள் முன்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. துணியை அள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போய் அங்கிருந்த மெஷினில் உட்கார்ந்தாள். மதியம் முழுவதும் மிதிக்கிற சத்தம் நிற்காமல் கேட்டது. மகள் முன்னால் தனியாக உட்கார்ந்து, வந்த வாடிக்கைக்காரர்களிடம் இன்று துணி வாங்கவில்லை என்று சொல்லி அனுப்பினாள். ஒரு வாடிக்கைக்கார அம்மாள், "காலைல உங்கம்மா அந்த அளவுச்சட்டையை ஓட ஓட விரட்டினாங்களாமே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மகள் சிரித்து வைத்தாள். சிரித்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

வெயில் தாழ்ந்தபோது சட்டை தயாராகிவிட்டது. காலர், காஜா, பொத்தான் எல்லாம் முடிந்து, இஸ்திரி போட்டு, ஒரு சுருக்கமில்லாமல். கடைக்காரம்மா அதைத் தோள்கட்டையில் மாட்டித் தொங்கவிட்டாள். இத்தனை வருஷத்துத் தப்பையும் ஒரே சட்டையில் தைத்து முடித்துவிட்டவள் போல அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மாஸ்டர் வந்தார். அவரோடு ஜவுளிக்கடைக்காரரான சங்கத் தலைவரும், பக்கத்துத் தெருக்களில் கடை வைத்திருக்கிற தையல்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

தலைவர் கண்ணில் முதலில் பட்டது சட்டைதான்.

"இது யாருது?"

"காலைல வந்தானே, அந்த அச்சுக்காரன் துணியாட்டம் இருக்கு" என்றார் ஒரு தையல்காரர்.

"தைச்சாச்சா? அளவெடுத்தா?"

"இல்லீங்க" என்றார் மாஸ்டர் அவசரமாக. "டேப் படலீங்க. நான் சொல்லித்தானே இருக்கேன்." மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, பயம் இருந்தது.

"அளவெடுக்காம, அளவுச்சட்டையும் இல்லாம?"

"கண்ணளவுங்க" என்றாள் கடைக்காரம்மா.

தலைவர் தோள்கட்டையைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது. சங்கத்தில் மூளை உள்ளவர் என்று பெயரெடுத்தவர் அவர். பெயர் சும்மா வரவில்லை.

"நாம எவ்வளவு பெரிய முட்டாளுங்கய்யா" என்றார். "அளவுச்சட்டை கேட்டாத்தானே ஒதுக்கறோம்னு குத்தம்? கேக்கவே வேணாம். துணியை வாங்கு. ஆளைத் தள்ளி நிக்க வெச்சுக் கண்ணால பாரு. தைச்சுக் குடு. நாளைக்கு அதிகாரி வரட்டும். எங்க மறுத்தோம்? இதோ துணி, இதோ சட்டை. தொடவும் இல்ல, விரட்டவும் இல்ல. சட்டத்துக்கும் பதில் சொன்ன மாதிரி ஆச்சு, நம்ம வழக்கமும் காப்பாத்தின மாதிரி ஆச்சு."

மகளுக்கு அப்போதுதான் விளங்கியது. அச்சுக்காரர் ஏன் துணியை விட்டுவிட்டுப் போனார்? அது வெட்டப்படாமல் இந்த மேஜையில் கிடப்பதுதான் அவருடைய சாட்சி. நாளைக்கு அதிகாரியிடம் காட்டுவதற்கு அந்தப் பக்கத்து மனிதர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அம்மா பாசத்தில் அதை வெட்டித் தைத்து, பொத்தானும் வைத்து, இவர்கள் கையில் கொடுத்துவிட்டாள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. கடைக்காரம்மாவின் முகத்தில் இருந்த தெளிவெல்லாம் வடிந்துவிட்டது. கை முந்தானையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. காலையில் விரட்டியதைவிட, அன்று சிரித்ததைவிட, இது மோசம். தம்பிக்கு அவள் நல்லது செய்ய நினைத்தாலும் அது அவன் தலையில்தான் விழுகிறது.

"கடைக்காரம்மா, இந்த வித்தையை இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்" என்றார் தலைவர். "நாளைக்கு அந்தாளு வந்து போட்டுப் பாக்கட்டும். அதிகாரி முன்னாடியே கச்சிதமாப் பொருந்தட்டும். அப்புறம் என்ன பேசுவான்?"

பொருந்தும். அது தெரிந்த மூன்று பேர் அந்த அறையில் இருந்தார்கள்.

தையல்காரர்கள் சட்டையை வாங்கி ஆராய்ந்தார்கள். "தோளு ஒரு பக்கம் எறக்கி இருக்கே, தப்பா விழுந்திடுச்சோ?" என்றார் ஒருவர்.

கடைக்காரம்மா தரையைப் பார்த்து நின்றாள். மகள் காத்திருந்தாள். அம்மா சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். அம்மா சொல்ல மாட்டாள் என்று தெரிந்தபோது, மதியம் சாத்திய கதவின் மரம் இன்னும் தன் உள்ளங்கையில் ஒட்டியிருப்பது போல இருந்தது அவளுக்கு.

"தப்பில்ல" என்றாள் மகள். "மாமாவுக்குத் தோளு அப்படித்தான்."

தலைவர் திரும்பினார். "எந்த மாமா?"

"இந்தச் சட்டைக்கார மாமா."

மாஸ்டர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். சிரித்தார். சிரிப்பு வராமல் சிரித்தார்.

"வயசானவங்க யாரைப் பாத்தாலும் மாமாம்பா. பால்காரர் மாமா, தபால்காரர் மாமா. சின்னதுல இருந்து அப்படியே பழக்கம். படிச்சு என்ன, விவரம் பத்தல." மகளின் பக்கம் திரும்பாமலே, "நீ உள்ள போ" என்றார்.

தலைவரும் சிரிக்கத் தயாரானார். அவருக்கும் அது வசதியான விளக்கம். நல்ல வார்த்தை அது, மாமா. தெருவில் போகிற எவரையும் கூப்பிடலாம். கடைக்காரம்மா சும்மா இருந்தாலே போதும். ஒரு சிரிப்புச் சிரித்தால் இன்னும் நல்லது. சிரிப்பது அவளுக்குப் புதுசும் அல்ல.

"பழக்கத்துல சொல்லல" என்றாள் கடைக்காரம்மா.

மாஸ்டர் மெதுவாக, "வேணாம்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சினார்.

"முறையாத்தான் சொல்றா. அவன் என் கூடப் பொறந்தவன். நான் அந்தப் பக்கம்." அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்டரிடம் மறைத்து வைத்த நோயைச் சொல்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னாள். "கண்ணளவும் இல்ல ஒண்ணும் இல்ல. யாருக்கும் அப்படித் தைக்க முடியாது. அவன் உடம்பு எனக்குத் தெரியும், அதனால தைச்சேன். அதிகாரி கேட்டா இதையேதான் சொல்லுவேன்."

பேச்சுக்கிடையே மேஜையிலிருந்து எடுத்திருந்த சோடா பாட்டிலைத் தலைவர் பார்த்தார். இன்று காலையில் அவரே அனுப்பியது. அதை மேஜையில் வைத்துவிட்டு, கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவருக்கே தெரியாமல் செய்த காரியம்தான். ஆனால் அந்தக் கடையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். எத்தனையோ வருஷமாக எதைப் பயந்து மனைவியை மறைத்து வைத்தாரோ, அது இவ்வளவு சின்னதாக, ஒரு கை துடைப்பாக வந்து போனதும் அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி சங்கத்துல பேசிக்கறேன்" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுத் தலைவர் இறங்கினார். தையல்காரர்கள் சட்டையை மேஜையில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள். யாரும் கதவைச் சாத்தவில்லை.

கடைக்காரம்மா சட்டையை எடுத்தாள். பிளேடை எடுத்துத் தோள் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா?" என்றாள் மகள்.

"நாளைக்கு இது முழுச் சட்டையா இங்க இருக்கக் கூடாது." கொஞ்சம் பிரித்துவிட்டு நிறுத்தினாள். "தையலைப் பிரிச்சுடலாம். வெட்டினது வெட்டினதுதான்."

மாஸ்டர் முக்காலியிலிருந்து, "இனிமே இந்த ஊர்ல நமக்கு யார் துணி குடுப்பாங்க?" என்றார். கேட்டதும் தோன்றுவது போல அது கேவலமான கேள்வி அல்ல. இந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிட வேண்டும்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் அச்சகத்துக்குப் போயிட்டு வரேன். துணியை வெட்டியாச்சுன்னு இப்பவே அவருக்குச் சொல்லணும். நாளைக்கு அதிகாரி முன்னாடி வந்து அவர் ஏமாறக் கூடாது."

"ஆமா. போ."

"இங்க கூட்டிட்டு வரேன்ம்மா. நீ அளவு எடு. எல்லாரும் பாக்க எடு. அக்கா கூப்பிடறாங்கன்னு சொல்றேன்."

கடைக்காரம்மா வேகமாக எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்தாள். காலையில் டேப்பைப் பிடித்து இழுத்த அதே வேகம்.

"அக்கான்னு சொல்லிடாதடி" என்றாள். "தையல்கடையில அளவெடுக்கக் கூப்பிடறாங்கன்னு சொல்லு. அதுக்குன்னா வருவான். அக்கா கூப்பிடறான்னா வரமாட்டான்."